மறு: ஏஐ சட்டத்தில் வரும் ‘டிப்ளாயர்’ – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

ஏஐ அமைப்பு ஒன்றைத் தன் பொறுப்பில் தொழிலுக்குப் பயன்படுத்துபவரைத்தான் சட்டம் ‘டிப்ளாயர்’ (deployer) என்கிறது. அதற்குத் தமிழில் ‘பயன்படுத்துநர்’ போதும் என்று இந்த இழையில் இருவர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2021-இல் முன்மொழியப்பட்டபோது அதிலும் ‘யூசர்’ என்றுதான் இருந்தது. 2024-இல் நிறைவேறியபோது ‘டிப்ளாயர்’ ஆகிவிட்டது. அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாமே.

வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிக்கும் கேமராவை ஒரு கடைக்காரர் வாங்கிப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளைச் செய்து விற்ற நிறுவனம் ‘வழங்குநர்’. இதில் சண்டை இல்லை. கடைக்காரர்தான் டிப்ளாயர். உள்ளே வருகிறவர்களிடம் இப்படியொன்று ஓடுகிறது என்று சொல்லும் பொறுப்பு, 50-ஆம் பிரிவின்படி, அவர் தலையில். டீப்ஃபேக் காணொளியை, அதாவது உண்மைபோலத் தோன்றும்படி ஏஐ கொண்டு உருவாக்கியதை, விளம்பரத்தில் போடும் நிறுவனமும் அது செயற்கையானது என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தக் காணொளி செயற்கையானது என்று கணினி கண்டுகொள்ளும்படி குறி பதிப்பது வழங்குநர் வேலை. தவறினால் அபராதம் 1.5 கோடி யூரோ வரையோ, உலகளாவிய விற்றுமுதலில் 3 விழுக்காடு வரையோ போகும். ஆக, யாரைப் பிடிப்பது என்பதே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வீட்டில் பொழுதுபோக்காகப் படம் உருவாக்குகிறவர் டிப்ளாயர் வரையறைக்குள் வரவே மாட்டார். ‘பயன்படுத்துநர்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவதோ அவர்தான்.

வேறு சொற்களைப் பார்த்தால், ‘நிறுவுநர்’ என்றால் மென்பொருளை இன்ஸ்டால் செய்துவிட்டுப் போகிற ஆள்; அவசரத்தில் ‘நிறுவனர்’ என்றும் படித்துவிடுவோம். ஜெர்மன் பதிப்பில் ‘பெட்ரைபர்’, அதாவது நடத்துபவர், இயக்குபவர். அதைப் பின்பற்றி ‘இயக்குநர்’ என்றால் கம்பெனி டைரக்டர் வந்து நிற்பார், கூடவே சினிமா டைரக்டரும்.

என் பரிந்துரை: ஈடுபடுத்துநர். ‘பாதுகாப்புப் பணியில் போலீசார் ஈடுபடுத்தப்பட்டனர்’ என்று நாளிதழ்கள் வெகுகாலமாக எழுதுகின்றன. (‘குவிப்பு’ என்றும் எழுதுவார்கள், அது வேண்டாம்.) தன் பொறுப்பில் ஒன்றை வேலையில் இறக்குவதுதான் இங்கும் பொருள். ‘ஈடுபடுத்தல்’, ‘ஈடுபடுத்திய அமைப்பு’ என்று மற்ற வடிவங்களும் தடையில்லாமல் வரும்.

‘டிரான்ஸ்பரன்சி ஆப்ளிகேஷன்’ (மேலே சொன்னதுபோல வெளிப்படையாகத் தெரிவித்தாக வேண்டிய சட்டப் பொறுப்பு) பற்றியும் கேட்டிருந்தார்கள். ‘வெளிப்படைத்தன்மைக் கடப்பாடு’ சரி. மீறினால் தண்டம் உண்டு என்பதால் ‘கடமை’ இங்கே மெலிவாகத் தெரிகிறது.

‘ஈடுபடுத்து’ என்றால் ‘எதில்?’ என்ற கேள்வி எழும்தான். வரையறையில் ‘தொழில் சார்ந்த பணியில்’ என்று சேர்த்துவிட்டால் தீரும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.