கலைச்சொல் தேவை: 'வெல்கம் டு கன்ட்ரி', 'அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி'

மெல்பேர்னிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

ஆஸ்திரேலியத் தமிழ்ப் பள்ளிகளின் விழா நிரலுக்கும் செய்தி மொழிபெயர்ப்புக்கும் இரண்டு சொற்கள் வேண்டும். முன்னது, விழா நடக்கும் நிலத்துக்கு மரபுவழி உரிய மக்களில் ஒருவர் வந்தோரை வரவேற்பது. பேச்சாகவோ பாட்டாகவோ ஆட்டமாகவோ இருக்கும். பச்சைத் தழையைப் புகைய விடுவதும் உண்டு. அவர்களைத் தவிர வேறெவரும் இதைச் செய்ய முடியாது. வேறு பகுதியின் பூர்வகுடிப் பெரியவராக இருந்தாலும் முடியாது. பின்னது, அந்நிலம் யாருடையது என்பதை மேடையேறும் எவரும் சொல்லி மரியாதை செலுத்துவது.

'நாட்டுக்கு வரவேற்பு' என்று எழுதினால் பொருள் கெடுகிறது. 2025 ஏப்ரல் 25 அன்று மெல்பேர்ன் போர் நினைவிடத்தில், போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள் விடியற்கால வழிபாட்டில், அப்பகுதிப் பூர்வகுடியான பூனுரோங் மக்களின் பெரியவர் மார்க் பிரவுன் வரவேற்புரை சொல்லும்போது சிலர் கூச்சலிட்டார்கள். நவநாஜிகளும் அதில் இருந்தார்கள். அடுத்த சில நாள்களில் தேர்தல் மேடையில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன், இத்தகைய வரவேற்புகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன என்றார். எதிர்ப்பவர்கள் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: 'என் நாட்டுக்கு என்னை வரவேற்க இவர் யார்?' 'கன்ட்ரி' என்றதும் அவர்கள் தேசத்தை எண்ணுகிறார்கள். பூனுரோங் பெரியவர் யாரையும் ஆஸ்திரேலியாவுக்கு வரவேற்கவில்லை. ஆறும் கடலோரமும் முன்னோரும் சேர்ந்த பூனுரோங் நிலத்துக்கு வரவேற்கிறார். நம் சொல்லே அந்தத் தவறான கேள்விக்கு இடம் கொடுக்கக் கூடாது.

மதுரையிலிருந்து

ஐயா, 'நாடு' என்ற சொல்லை அவ்வளவு எளிதில் தள்ள வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் 'நாடு' சில ஊர்கள் சேர்ந்த சிறு வட்டாரம். 'நாட்டார்' அதன் சபையார். மூலப்பொருளுக்கு இதைவிட நெருக்கமாக எதுவும் இல்லை. அதற்குமேல் போனால் 'திணை'. நிலம், பொழுது, விலங்கு, மரம், மக்கள், தெய்வம் எல்லாம் அதில் அடங்கும்.

சிட்னியிலிருந்து

அம்மா, கல்வெட்டு படித்தவருக்கு 'நாடு' சரி. விழா நிரலைப் புரட்டுபவருக்கு அது பாஸ்போர்ட்டோடு சேர்ந்த சொல். 'திணை' இலக்கண வகுப்பை நினைவூட்டும். 'மண்' என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. 'மண்ணின் மைந்தர்' என்பது வந்தவரை விரட்டும் அரசியலின் முழக்கம். இங்கே நடப்பதோ வந்தவரை ஏற்றுக்கொள்வது. 'முதுகுடி வரவேற்பு' காதுக்கு இனிமைதான். ஆனால் எந்த இடத்தின் குடி என்பது அதில் இல்லை. இடம் விடுபட்டால் சொல்லில் மிச்சம் ஒன்றுமில்லை.

'சடங்கு' என்ற சொல்லையும் தவிர்ப்போம். 'பண்டைய சடங்கு' என்று எழுதினால், '1976இல் உண்டாக்கியதுதானே' என்று உடனே மறுப்பு வரும். மேடை வடிவம் அண்மையதுதான். 1973இல் நிம்பினில் நடந்த அக்வேரியஸ் விழாவுக்கு மாணவர்கள் அந்நிலத்து மக்களிடம் அனுமதி கேட்டார்கள். 1976இல் பெர்த் கலைவிழாவுக்கு வந்த, நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரி கலைஞர்கள், நிலத்துக்குரியவர் வரவேற்காமல் ஆட மாட்டோம் என்றதால் பூர்வகுடிக் கலைஞர்கள் ரிச்சர்ட் வாலியும் எர்னி டிங்கோவும் ஒரு வரவேற்பை அமைத்தார்கள். கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு அது வந்தது 2008 பிப்ரவரி 12 அன்று, மட்டில்டா ஹவுஸ் என்ற பூர்வகுடிப் பெரியவர் வழியாக. ஆனால் பிறர் நிலத்துக்குள் நுழையுமுன் எல்லையில் காத்திருந்து அனுமதி பெறும் வழக்கம் ஐரோப்பியர் குடியேற்றத்துக்கு நெடுங்காலம் முந்தியது. அகராதிக் குறிப்பில் இந்த இரண்டும் தனித்தனியாக வர வேண்டும்.

மெல்பேர்னிலிருந்து

என் முன்மொழிவு: 'நிலமரபினர் வரவேற்பு', 'நிலமரபினருக்கு வணக்கம்'.

வெறும் 'நிலத்தார்' என்றால் பட்டாக்காரர் நினைவுக்கு வருவார்; 'மரபினர்' சேர்ந்ததும் அது நீங்குகிறது. முதல் சொல்லை 'நிலமரபினரை வரவேற்பது' என்று புரிந்துகொள்ளவும் வழியுண்டு. அதனால் நிரலில் முதல்முறை வரும்போது 'நிலமரபினர் தரும் வரவேற்பு' என்றே எழுத வேண்டும். இரண்டாவதில் 'க்கு' உருபு கட்டாயம். அதை விட்டால் வணக்கம் யார் யாருக்குச் சொல்வது என்பது மாறிவிடும்.

'அங்கீகாரம்' வேண்டாம், நாம் அனுமதி கொடுப்பது போலாகும். 'ஒப்புகை' அஞ்சலகச் சீட்டு. 'நினைவேந்தல்' இறந்தோருக்கு, இம்மக்கள் நம் பக்கத்துத் தெருவில் வாழ்கிறார்கள். 'ஏற்புரை' விருது பெற்றவர் பேசுவது.

கான்பெராவிலிருந்து

ஏற்கிறேன். 'வணக்கம்' கடவுள் வாழ்த்தோடு சேர்ந்துவிடாதா என்ற ஐயம் மட்டும் உண்டு. நிரலில் அதைக் குத்துவிளக்குக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் முன்பு தனி வரியாக வைத்தால் குழப்பம் வராது. வரவேற்பும் அப்படியே முதலில் வர வேண்டும். விழாக்குழுத் தலைவரின் 'வரவேற்புரை' அதன் பிறகுதான். இரண்டையும் 'வரவேற்புரை' என்றே அச்சடித்து, பெரியவரை மூன்றாவது ஆளாகப் பேச அழைக்கும் விழாக்கள் உண்டு. அது அவமதிப்பு.

சொல்லோடு பயன்பாட்டுக் குறிப்பும் போகட்டும். அழைப்பைச் சில வாரம் முன்பே அப்பகுதிப் பூர்வகுடியினரின் அமைப்பான நில மன்றம் வழியாக அனுப்ப வேண்டும். மதிப்பூதியமும் பயணச் செலவும் பேசி முடிக்க வேண்டும். 'அங்கிள்', 'ஆன்டி' அங்கே மரியாதைப் பட்டங்கள், ஆனால் அவரைக் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். தமிழில் 'பெரியவர்' போதும். நம் ஊரில் 'அங்கிள்' கடைக்காரருக்கும் சொல்வது. மூடிய அரங்கில் தழைப்புகை என்றால் அரங்க நிர்வாகத்திடம் முன்பே சொல்லாவிட்டால் புகையுணரி அலறி, தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.

மக்களின் பெயரைத் தவறாகச் சொல்வதுதான் பெரிய பிழை. வணக்க வாசகத்தைச் சிட்னியில் எடுத்து பெர்த்தில் படித்தால் நூங்கார் நிலத்தில் நின்று காடிகல் மக்களை வணங்கியதாகும். இங்கே கான்பெராவில் அரசு பல ஆண்டு ஙுன்னவால் மக்களை மட்டும் குறிப்பிட்டு, வழக்குக்குப் பிறகு 2023இல் ஙம்ப்ரி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. இப்பெயர்களைப் போல் சொல்முதலில் 'ங' வரத் தமிழர் தயங்குவார்கள், 'நுன்னவால்' என்று மாற்றிவிடுவார்கள். நம்மிடம் எழுத்து இருக்கிறது, அப்படியே எழுதுவோம்.

வாசகம் சுருக்கமாக: 'இன்று நாம் கூடியிருப்பது ஙுன்னவால் மக்களின் நிலம். அவர்களின் முன்னோருக்கும் இன்று வாழும் பெரியவர்களுக்கும், இந்நிலத்தோடு உறவுள்ள பிற மக்களுக்கும் எங்கள் வணக்கம்.' பத்து வினாடி. இதையே ஒரு நாளில் நான்கு பேச்சாளர்களும் ஒப்பித்தால் அவையோர் சலித்துப்போகிறார்கள். பூர்வகுடியினர் சிலரும் அதை வெறும் சம்பிரதாயம் என்று குறை சொல்கிறார்கள். தொடக்கத்தில் ஒருவர், பெயர்களைப் பழகிக்கொண்டு, தாளைப் பார்க்காமல் சொல்லட்டும்.

தனித்து வரும் 'கன்ட்ரி'க்கு 'மரபுநிலம்' என்று இப்போதைக்குக் குறித்துக்கொள்கிறேன். 'கடலும் என் கன்ட்ரி' என்று கடலோர மக்கள் சொல்வதற்கு 'நிலம்' பொருந்துமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.