எதிர் விகிதக் கணக்கில் ஆட்கள் இடையில் சேர்ந்தால் என்ன செய்வது?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை:
வணக்கம். 12 பேர் 20 நாளில் வெட்டி முடிக்கும் கரும்புத் தோட்டத்தில், 8 நாள் வேலை நடந்த பின் மேலும் 4 பேர் சேர்ந்தால் மொத்தம் எத்தனை நாள் ஆகும் என்பது என் மகளுக்கு வந்த கணக்கு. நான் 12 × 20 ÷ 16 = 15 என்றேன்; விடைப்பகுதியில் 17 என்று இருக்கிறது. என் பிழை எங்கே?

பண்ருட்டி ஆசிரியை:
ஐயா, 16 பேரும் முதல் நாளிலிருந்தே வெட்டியதாகக் கொண்டுவிட்டீர்கள். முழு வேலை 12 × 20 = 240 ஆள்நாள் (ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை ஓர் ஆள்நாள்); முதல் 8 நாளில் 96 முடிந்துவிட, மீதமுள்ள 144-ஐ 16 பேர் 9 நாளில் முடிப்பார்கள் என்பதால் மொத்தம் 8 + 9 = 17 நாள். குறுக்குப் பெருக்கலை மனப்பாடமாகப் போடும் பிள்ளைகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆட்களையும் நாட்களையும் பெருக்கினால் வருவது மாறாத எண் என்று புரிந்தவர்களுக்குச் சூத்திரமே தேவைப்படுவதில்லை.

புதுச்சேரி வாசகர்:
வேலை நேரம் மாறும் கணக்குக்கும் இதே வழிதான். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது 6 ஆகக் குறைந்தால், அந்த 9 நாள் 12 நாளாகும்.

பண்ருட்டி ஆசிரியை:
ஆம். ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. முந்திரிக் கொட்டை வெயிலில் காயும் நாட்கள், எத்தனை ஆட்களைச் சேர்த்தாலும் குறைவதில்லை.