வீட்டில் கட்டும் காருக்கு பைக் எஞ்சின்: வயரிங்கில் எதை நீக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். லெஸ்டரில் என் வீட்டு கராஜில் இரண்டு ஆண்டுகளாக லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் பாணியிலான இரண்டு இருக்கைக் கார் ஒன்றைக் கட்டி வருகிறேன். எஞ்சின், 1999ஆம் ஆண்டு யமஹா ஆர்1 பைக்கிலிருந்து எடுத்தது. 998 சிசி, நான்கு கார்புரேட்டர்கள். எஞ்சினை சேசிஸில் ஏற்றி, முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) இருந்த இடத்தில், பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் பொருத்தியாகிவிட்டது. மிச்சம் இருப்பது வயரிங் மட்டுமே.

பைக்கோடு வந்த வயரிங் கட்டு மேசைமேல் பரந்து கிடக்கிறது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் என்று பாதிக்கு மேல் எனக்குத் தேவையில்லாதவை; காரின் விளக்குகளுக்குத் தனி வயரிங் போடப்போகிறேன். தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் பெட்டிக்குப் போகும் வயர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடலாமா? பைக் தவறான நிலையில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சைட் ஸ்டாண்ட், கிளட்ச், நியூட்ரல் ஆகிய மூன்று சுவிட்சுகளையும் எடுத்துவிட்டு வயர்களை நேரடியாக இணைத்துவிட்டால் ஏதேனும் பாதகம் உண்டா?

மறுமொழி 1

நண்பரே, கட்டரைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். வயரிங் முழுமையாக இருக்கும்போதே, சாவி, கைப்பிடிச் சுவிட்சுகள், மீட்டர் எல்லாவற்றையும் மாட்டி எஞ்சினை ஒருமுறை ஓடவிடுங்கள். ஓடாத எஞ்சினின் வயரிங்கைக் குறைக்கத் தொடங்கினால், பழுது முன்பே இருந்ததா, நாம் வெட்டியதால் வந்ததா என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போய்விடும். நான் முதல் காரில் அப்படித்தான் ஒரு கோடைக்காலத்தையே இழந்தேன்.

ஓடியபின் டேப்பை உரித்து, வொர்க்‌ஷாப் மேனுவலின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டுங்கள். பின்னர் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பை மட்டும், வெட்டாமல், கனெக்டரிலிருந்து பின்னைத் தள்ளி எடுங்கள். ஒவ்வொன்றை எடுத்தபிறகும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். கடைசியில் மெயின் ஃபியூஸ், சாவி, கில் சுவிட்ச், இக்னிஷன் பெட்டி, பிக்கப் காயில் (எஞ்சினின் சுழற்சியை உணர்வது), இக்னிஷன் காயில்கள், த்ராட்டில் சென்சார், பெட்ரோல் பம்ப், ஸ்டார்ட்டர், சார்ஜிங் ஆகியவை மிஞ்சும். கட்டு உங்கள் கட்டைவிரல் தடிமனுக்கு வந்துவிடும்.

அந்த மூன்று சுவிட்சுகளை ஒரே மாதிரி நடத்தாதீர்கள். சைட் ஸ்டாண்ட் சுவிட்ச் தேவையில்லைதான்; ஆனால் வெறுமனே கழற்றிவிட்டால் ஸ்டாண்ட் கீழே இருப்பதாகவே எஞ்சின் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் அருமையாக ஓடும், முதல் கியரைப் போட்ட நொடியில் அணைந்துவிடும். ஸ்டாண்டை மடக்கிய நிலையில் அந்தச் சுவிட்ச் எர்த்தோடு (பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் பாதை) இணைகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, அதே நிலையை நிரந்தரமாக்குங்கள். நியூட்ரல் சுவிட்சை அப்படியே விடுங்கள், விளக்கோடு சேர்த்து. கிளட்ச் சுவிட்சை மட்டும் எக்காரணம் கொண்டும் நேரடியாக இணைக்காதீர்கள். கிளட்ச் பெடலுக்கு ஒரு சுவிட்ச் வைத்து அதனோடு இணையுங்கள். கியரில் நிற்கும் காரின் ஸ்டார்ட்டர் பொத்தானை, வெளியே நின்றுகொண்டு கையை நீட்டி அழுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். கராஜ் கதவு இன்னும் வளைந்தே இருக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு இரண்டு விஷயங்கள். பைக் வயரிங்கில் எர்த் பெரும்பாலும் வயர் வழியாகவே திரும்புகிறது. யமஹாவில் அது கறுப்பு, ஹோண்டாவில் பச்சை. உங்கள் சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் (சூடேற்றி ஒட்டவைக்கும் தூள் பெயிண்ட்) செய்திருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பேட்டரியின் எதிர்முனையிலிருந்து (நெகட்டிவ்) எஞ்சினுக்கு ஒரு தடித்த வயர், எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு இன்னொன்று, இரண்டு முனைகளிலும் உலோகம் தெரியும்வரை சுரண்டியபின் மாட்டுங்கள்.

அடுத்தது சார்ஜிங். இந்த ஆல்டர்னேட்டரின் திறன் சுமார் 350 வாட் மட்டுமே, அதுவும் நல்ல சுழற்சியில். இரண்டு 55 வாட் ஹெட்லைட், ரேடியேட்டர் விசிறி, பம்ப் என்று கூட்டிப் பார்த்தால், டிராஃபிக்கில் நிற்கும்போது பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பின்விளக்குகளுக்காவது எல்இடி போடுங்கள். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இத்தகைய ரெகுலேட்டர் மிகுதியான மின்சாரத்தைத் தனக்குள்ளேயே திருப்பி வெப்பமாக்குகிறது என்பதால், விளக்குகள் அணைந்திருக்கும்போதுதான் அது அதிகம் சுடும். காற்று படும் இடத்தில் அலுமினியத் தகட்டின்மேல் பொருத்துங்கள்.

மறுமொழி 3

கேட்டவருடையது கார்புரேட்டர் எஞ்சின் என்பதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் வைத்திருப்பவர்கள், பைக் கீழே விழுந்தால் எஞ்சினை அணைக்கும் சாய்வு சென்சாரைக் கவனிக்க வேண்டும். வளைவில் பைக் சாய்ந்தாலும், புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்த விசை பைக்கின் நடுக்கோட்டிலேயே இறங்குவதால், சென்சாருக்குள் இருக்கும் ஊசல் நகர்வதில்லை. கார் சாயாது, புவியீர்ப்புக்குச் சமமான (ஒரு ஜி) பக்கவாட்டு விசையில் அதே ஊசல் 45 பாகை வரை ஆடும். வேகமான வளைவில் எஞ்சின் திடீரென்று அணைந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். அதை நீக்குபவர்கள், மோதலில் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மூன்று வார இறுதிகள் ஆயின. எஞ்சின் முழு வயரிங்கோடு முதலில் ஓடவே இல்லை. ஸ்டார்ட்டர் ரிலே டக்கென்று தட்டியதோடு சரி. பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் கேசிங்குக்கும் இடையே மீட்டரை வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்தியபோது ஒன்பது வோல்ட் காட்டியது. எர்த் போல்ட்டின் வாஷருக்கு அடியில் முழுப் பவுடர் கோட்டிங் அப்படியே இருந்தது. சுரண்டியதும் பிடித்துக்கொண்டது. இப்போது ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் இணைப்புகளை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஓடுகிறது. கிளட்ச் பெடலுக்கு, பழைய காரின் பிரேக் விளக்குச் சுவிட்ச் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். பெடலை அழுத்தும்போது அது மூடுகிறது என்பதால் அப்படியே பொருந்திவிட்டது. சைட் ஸ்டாண்ட் வயர் நாளைக்கு.