ரோமானியர்களின் கழிப்பறை யாருடைய வயிற்றைக் காப்பாற்றியது?

பழைய நாணயம்:
'ரோமில் கழிப்பறை இருந்தது, சுகாதாரம் இல்லை' என்று போன வாரம் இங்கே ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உறுத்துகிறது. கி.மு. 312-இல் முதல் நீர்க்கால்வாயைக் கட்டியவர்கள், கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக்குள் தலைநகருக்கு மட்டும் 11 கால்வாய்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். கி.பி. 97-இல் நீர்த்துறைப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், வழிந்தோடும் தண்ணீர்கூட வீணாவதில்லை, ஊர்க் காற்றே தூய்மையாகிவிட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். இதையெல்லாம் என்னவென்று சொல்வது?

நுண்ணோக்கி:
எழுதியவன் நான்தான். ஃப்ரான்டினஸ் தன் துறையைப் பற்றித் தானே கொடுத்த சான்றிதழ் அது. எந்த அதிகாரி தன் இலாகா நாறுகிறது என்று எழுதுவார்?

காற்றை விடுங்கள், வயிற்றைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல், ரோமப் பேரரசு முழுவதும் கழிப்பறைக் குழிகளிலும் புதைகுழிகளிலும் கிடைத்த ஒட்டுண்ணிச் சான்றுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டார். சாட்டைப்புழு, உருண்டைப்புழு, சீதபேதி உண்டாக்கும் அமீபா ஆகியவை அதற்கு முந்தைய இரும்புக் காலத்தைவிடக் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. மெல்ல ஏறியே இருக்கின்றன. பேனும் தெள்ளுப்பூச்சியும்கூட, குளிக்கிற கூட்டத்தை விட்டுவைக்கவில்லை.

தோட்டக்காரன்:
இதற்குக் காரணம் வயலில் இருக்கிறது. ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா தன் வேளாண் நூலில், எருக்களில் பறவை எச்சத்துக்கு அடுத்த இடத்தை மனித மலத்துக்குக் கொடுக்கிறார். குழியிலிருந்து அள்ளியதைப் பல மாதம் மக்கவிட்டால் புழு முட்டை செத்துவிடும். அவசரப்பட்டுக் கீரைப் பாத்தியில் போட்டால், காலையில் போனது இரவுச் சாப்பாட்டில் திரும்பி வந்துவிடும்.

பழைய நாணயம்:
சரி, அப்படியானால் அது விவசாயியின் தவறு, கழிப்பறையின் தவறு இல்லையே?

நுண்ணோக்கி:
அள்ளுவதற்குக் குழி ஏன் இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகள் சாக்கடையோடு இணைக்கப்படவே இல்லை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பே நகரில் வீட்டுக் கழிப்பறை பல இடங்களில் அடுப்படியை ஒட்டியே இருக்கிறது, கீழே மலக்குழி. இணைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை, ஏனென்றால் நம் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவு அப்போது கிடையாது. நாற்றம், எலி எல்லாம் நேராக வீட்டுக்குள் வரும். புத்தேயோலி என்ற துறைமுக ஊரில் ஒரு ஆக்டோபஸ் கடலிலிருந்து சாக்கடை வழியாக ஏறி, வணிகர் வீட்டில் ஜாடியில் இருந்த உப்பு மீனைத் தின்றதாக ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் கதை சொல்கிறார். கதைதான். ஆனால் கேட்டவர்கள் நம்பும்படியான வழி அது.

ரோமின் பெரிய சாக்கடை என்று பெருமை பேசுகிற க்ளோவாகா மாக்ஸிமாவும் முதலில் ஃபோரம் என்ற நகர மையத் திடலின் பள்ளத்துச் சதுப்பை வடிக்கத் தோண்டியது.

பழைய நாணயம்:
சதுப்பை வடிப்பது மட்டும் சுகாதாரம் இல்லையா? சரி, குளியல் கூடங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

நுண்ணோக்கி:
அதை மார்க்கஸ் ஆரேலியஸிடமே கேட்கலாம். குளியல் என்றாலே எண்ணெய், வியர்வை, அழுக்கு, பிசுபிசுத்த தண்ணீர், எல்லாம் அருவருப்பு என்கிறார். பேரரசர் குளித்த தண்ணீரே அப்படி! ஆறாத புண்ணோடு குளிக்கப் போகாதே, அழுகிவிடும் என்று மருத்துவ நூல் எழுதிய கெல்சஸ் எச்சரிக்கிறார். அதே கெல்சஸ் வேறு பல நோய்களுக்குக் குளியலைத்தான் பரிந்துரைக்கிறார். ஆக நோயாளியும் நோயற்றவரும் ஒரே தொட்டியில்.

தோட்டக்காரன்:
பொதுக் கழிப்பறையில் குச்சியில் கட்டிய கடற்பஞ்சை எல்லோரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்களாமே?

நுண்ணோக்கி:
அதில் நான் அடக்கி வாசிப்பேன். ரோமானியத் தத்துவவாதி செனகா அதைக் குறிப்பிடுகிறார். ஆனால் அது உடம்பைத் துடைக்கவா, கழிப்பறையைத் தேய்க்கவா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே தகராறு.

பழைய நாணயம்:
குளியல் தொட்டியை விட்டுக்கொடுக்கிறேன். கால்வாயை விடமாட்டேன். தெருமுனைத் தொட்டியில் இரவு பகலாக ஊற்று நீர் கொட்டாமல் இருந்திருந்தால், அவ்வளவு ஜனமும் டைபர் ஆற்றைத்தான் குடித்திருக்கும். சாக்கடை போய்ச் சேர்ந்ததும் அதே ஆறுதான். உங்கள் புழுக் கணக்கில் கால்வாயே இல்லாத அந்த ரோம் இல்லை.

தோட்டக்காரன்:
அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஆக்டோபஸைப் பிடித்தார்களா?