10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கடல்மட்டத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

நெய்தல்:
1953 பிப்ரவரி 1 அதிகாலையில் வட கடல் புயலால் நெதர்லாந்தின் தென்மேற்குக் கரையணைகள் உடைந்து 1,836 பேர் இறந்தனர். அன்று ஹூக் வான் ஹாலந்து என்ற கரையோர ஊரில் கடல், சராசரி மட்டத்துக்கு மேல் 3.85 மீட்டரை எட்டியது. பின்னர், வெள்ளக் காப்பைத் திட்டமிட அரசு அமைத்த டெல்டா ஆணையம் அதே இடத்துக்கு 5 மீட்டரை வடிவமைப்பு மட்டமாக, அதாவது அணைகள் தாங்க வேண்டிய நீர்மட்டமாகக் கொண்டு, ஓர் ஆண்டில் அதைக் கடல் மீறும் வாய்ப்பு 10,000-இல் 1 என்றது. ஒரு நூற்றாண்டுகூட நிரம்பாத அளவீடுகளிலிருந்து இப்படியொரு எண்ணை எப்படிப் பெற முடிந்தது?

கரையோரன்:
முதலில், அது காலக்கெடு அன்று. ஆண்டுதோறும் உள்ள வாய்ப்பு. 80 ஆண்டு அங்கே வாழ்பவருக்கு அந்த மட்டத்தைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 0.8 சதவீதம். முறைக்கு அடிப்படையிட்டவர் நெதர்லாந்துப் பொறியாளர் வெமல்ஸ்ஃபெல்டர். ஓதம் (கடலின் அன்றாட ஏற்ற இறக்கம்) உச்சத்தை அடையும்போது பதிவான மட்டங்களை எடுத்து, ஒவ்வொரு மட்டமும் ஆண்டுக்கு எத்தனை முறை மீறப்பட்டது என்பதை மடக்கை அளவில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்கைக் குறிக்கும் அளவில்) வரைந்தால், புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் அமைவதை அவர் 1939-இலேயே காட்டினார். அந்தக் கோட்டை, அளவீடு இல்லாத பகுதிக்கும் நீட்டுகிறார்கள்.

வாரிதி:
அந்த நீட்டலில்தான் முழு ஆபத்தும் இருக்கிறது. கோடு முனையில் சற்றே மேலோ கீழோ வளைந்தாலும் விடை ஒரு மீட்டருக்கும் மேல் மாறிவிடும். அந்த வளைவைத் தீர்மானிப்பவை மிகச் சில பெரும்புயல்களே. ஒரே புயலின் அடுத்தடுத்த உச்சங்களைத் தனித்தனி நிகழ்வுகளாக எண்ணிவிடவும் கூடாது. ஓதத்தை முன்கூட்டியே துல்லியமாகக் கணக்கிட முடியும் என்பதால், புயல் தனியாகச் சேர்க்கும் உயரத்தைப் பிரித்து, அதற்கு மட்டும் புள்ளியியலைப் பொருத்துவதே மேலானது என்பது என் கருத்து. வானிலை மாதிரிகளின் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஈடான செயற்கைக் காற்றுப் பதிவுகளைக் கொண்டும் இன்று இந்த ஐயத்தைக் குறைக்க முயல்கிறார்கள்.

நெய்தல்:
இவ்வளவு ஐயம் இருந்தும் அந்த எண்ணின்மேல் அணை கட்டலாமா?

கரையோரன்:
கட்டத்தான் வேண்டும், கட்டாமல் விடுவதும் ஒரு முடிவுதானே. கணிதவியலாளர் வான் டான்ட்சிக், அணையை உயர்த்தும் செலவையும் எதிர்பார்க்கத்தக்க வெள்ள இழப்பையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறையும் உயரத்தைத் தேடினார். 2017 முதல் நடப்பிலுள்ள நெதர்லாந்து விதிகள் நீர்மட்டத்தோடு நிற்காமல், அணை உடைந்து வெள்ளம் புகும் வாய்ப்பையே வரையறுக்கின்றன. அணைக்குப் பின்னால் வாழும் எவருக்கும் வெள்ளத்தால் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 1,00,000-இல் 1-க்கு மேல் போகக் கூடாது என்பது அவற்றின் அடிப்படை.