வெயிலில் நின்றுபோகும் வண்டி: சவூதிக்குப் புதிதாகப் போயிருக்கும் நம்ம குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

லீவில் குலசேகரம் வந்திருக்கிறேன். போன வாரம் மத்தியானம் சிட் அவுட்டில் இருக்கும்போது தம்மாமில் இருந்து மருமகன் கூப்பிட்டான். இங்கே இடவப்பாதி மழை, ரப்பர் தோட்டமே தெரியாத அளவுக்கு ஊற்றுகிறது. அவனோ கொதிக்கிற தார் ரோட்டோரம் நிற்கிறான். "மாமா, வண்டி திரும்பவும் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆயிட்டு. ஸ்டார்ட் ஆவமாட்டேங்குது."

மூன்றாவது தடவை. முதல் தடவை பேட்டரி மாற்றினான், இரண்டாவது தடவை பெட்ரோல் பம்ப். இரண்டுக்கும் சேர்த்து 900 ரியால் போய்விட்டது. இரண்டு தடவையும் நடந்தது ஒன்றுதான்: வண்டியை இழுத்து ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்குள் எஞ்சின் ஆறிவிடும், சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். வண்டி நன்றாக ஓடும்போது மெக்கானிக் எதைப் பார்ப்பார்? தோன்றியதை மாற்றிக் கொடுத்தார்.

மக்களே, இந்த மாதிரி விட்டுவிட்டு வருகிற கோளாறு, வண்டி நின்று கிடக்கிற அந்தப் பத்து இருபது நிமிடத்தில்தான் தன்னைக் காட்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது நீங்கள் மட்டும். நீங்கள் பார்த்து வைத்ததைச் சொன்னால்தான் மெக்கானிக்கால் எதையும் கண்டுபிடிக்க முடியும்.

முதலில் உயிர். ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் இறுகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பழைய மாதிரி பிடிக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். வண்டி உருளும்போது சாவியை வெளியே எடுக்கவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். டி.என். 75 வண்டியில் இத்தனை வருடம் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய கை, பதற்றத்தில் இடப்பக்கமே போகும். அங்கே இடப்பக்கம் வேகமாக வருகிறவர்களின் பாதை. வலப்பக்கம் ஒதுங்குங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

சரி, மருமகனிடம் வருகிறேன். ஒதுங்கி நிறுத்தியிருந்தான். "சாவியைத் திருப்பு. செல்ஃப் அடிக்குதா?" என்று கேட்டேன். அடித்தது, நல்ல வேகமாகவே அடித்தது. அந்த ஒரு பதிலிலேயே பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் மூன்றும் கணக்கில் இருந்து போய்விட்டன. புது பேட்டரிக்குக் கொடுத்த காசு வீண்.

அடுத்து, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காது வைக்கச் சொன்னேன். பெரும்பாலான வண்டிகளில் ஒன்றிரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் 'ம்ம்ம்' என்று முனகி நிற்கும். முனகியது. பம்ப்புக்கும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேவுக்கும் உயிர் இருக்கிறது. (சத்தம் வரவில்லை என்றால், ஃபியூஸ் பெட்டியில் ஹார்ன் ரிலேவும் பம்ப் ரிலேவும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். காசு செலவில்லாத சோதனை.)

கடைசியாக, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்கச் சொன்னேன். செல்ஃப் சுற்றும்போது முள் கொஞ்சமாவது துடிக்க வேண்டும். "செத்துக் கிடக்கு மாமா, அசையவே இல்ல" என்றான். பல வண்டிகளில் இது கிராங்க் சென்சாரின் கையெழுத்து, அதாவது எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார். உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள். சூடேறினால் எங்கேயோ விட்டுப்போகிறது, ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. கிராங்க் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்துவிட்டு வரும்போதுதான் மூன்று தடவையும் நின்றிருக்கிறது, அதுவும் பொருந்துகிறது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து, எதையும் தொடாமலேயே, சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. நேராக ஒர்க்‌ஷாப்புகள் இருக்கிற சினாயாவுக்குப் போகச் சொன்னேன், மெக்கானிக்கிடம் இல்லை, கஹ்ரபா (மின்சாரம்) என்று போர்டு போட்ட எலக்ட்ரீசியனிடம். கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்ததில் பி0335 என்று வந்தது, கிராங்க் சென்சார் சர்க்யூட் கோளாறுக்கான எண். மீட்டரில் எஞ்சின் லைட் எரியாவிட்டாலும் சில நேரம் இந்த மாதிரிக் கோளாறு எண் உள்ளே பதிந்து கிடக்கும், போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வயரும் சாக்கெட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சென்சாரை மாற்றினார்கள். ஒரிஜினலே போடுங்கள், இதில் மலிவு பார்த்தால் திரும்பவும் ரோட்டில்தான் நிற்பீர்கள். எலக்ட்ரீசியன் மலையாளி. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி, முள் அசையாததைக்கூட விளக்கமாகச் சொல்ல முடிந்தது.

செல்ஃப் அடிக்காத கதை வேறு. 'டிக் டிக்' என்று சத்தம் வந்து மீட்டர் லைட் மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்கி வண்டியில் போடுங்கள்: நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் அளவு, எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை. ஓடும்போதும் 12-ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அங்குள்ள சூட்டில் பேட்டரி நம்ம ஊர் மாதிரி உழைக்காது, இரண்டு வருடம் தாண்டினாலே சந்தேகப்படலாம். லைட் எல்லாம் பளிச்சென்று இருந்தும் சத்தமே இல்லையா? ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை 'என்'னில் (நியூட்ரல்) போட்டு ஒரு தடவை திருப்புங்கள். அதில் செல்ஃப் அடித்தால் கோளாறு கியர் சுவிட்சில்.

வண்டி இன்னும் வாங்கவில்லை என்றால் உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இஸ்திமாரா (வண்டியின் பதிவு அட்டை) சரியா, ஃபஹஸ் (அரசு வாகனப் பரிசோதனை) பாஸா என்று மட்டும் பார்த்துக் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். ஃபஹஸில் பிரேக், லைட், புகை மாதிரியானவைதான் தெரியும், இந்த மாதிரி ஒளிந்திருக்கிற கோளாறு தெரியாது. மத்தியான வெயிலில் ஏ.சி. போட்டு நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஆஃப் செய்து, பானெட்டைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். காற்றோட்டம் நின்றதும் உள்ளே சூடு இன்னும் ஏறும். அப்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்புறம் சாவி இரண்டும் கேட்டு வாங்குங்கள். மீட்டரில் சாவிப் படம் போட்ட லைட் மின்னி வண்டி கிளம்பாவிட்டால், அது சாவியின் சிப்பா வண்டியா என்று தெரிந்துகொள்ள இரண்டாவது சாவிதான் வழி.

பெட்ரோலைக் கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள், அந்தப் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர வைக்கிறது. மருமகனுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. நேற்றும் கூப்பிட்டான், அல்கோபார் போய் வந்தானாம், சிக்னலில் எங்கேயும் வண்டி ஆஃப் ஆகவில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.