காசு வெட்டுப்பட்டுவிட்டது, போய்ச் சேரவில்லை. அவசரம்!

வாவிக்கரையான் | மே 10, 2025, சனி காலை
நேற்றுப் பின்னேரம் போனில் வங்கி ஆப்பால் 85,000 ரூபா அனுப்பினேன். என் கணக்கில் வெட்டுப்பட்டுவிட்டது, அம்பாறையில் உழவு மெசின்காரருக்கு இன்னும் ஏறவில்லையாம். காசு வந்தால்தான் மெசினை வயலுக்குள் இறக்குவாராம். என்ன செய்ய?

கல்முனை நானா
எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கு? ஒரே வங்கியா, வேறயா? ரசீதில் என்ன கிடக்கு? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்க என்ன மை போட்டா பார்க்கிறது?

தேத்தண்ணி
கணக்கு இலக்கம் பிழை. எங்கட மச்சாளுக்கும் இப்படித்தான், ஒரு சைபர் கூடிப்போய் ஒரு மாதம் அலைந்தா.

பட்டிப்பளை
ஆப்பை அப்டேட் பண்ணிப் பாருங்க.

பழைய காசாளர்
ஆப்பை அப்டேட் பண்ணினால் வங்கி திறக்குமா? தம்பி, மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி வருகிறது, பழைய பதில்களை ஒருவரும் வாசிப்பதில்லை. வேறு வங்கிக்குக் காசு போக இரண்டு வழி, அனுப்பும்போது செப்ட்ஸா (CEFTS) சிலிப்ஸா (SLIPS) என்று கேட்டிருக்கும், நீங்கள் பார்க்காமல் அமுக்கியிருப்பீர்கள். செப்ட்ஸ் என்றால் போயாவோ (பௌர்ணமி விடுமுறை) ஞாயிறோ நடுச்சாமமோ, உடனே போகும். சிலிப்ஸ் தொகுதி தொகுதியாகப் போவது, அதுவும் வங்கி வேலை நாளில் மட்டும். திங்கள் 12 பௌத்தர்களின் வெசாக், செவ்வாய் 13 வெசாக்குக்கு அடுத்த நாள், இரண்டும் வங்கி விடுமுறை. இனிப் புதன்தான்.

வாவிக்கரையான்
வேற வங்கிதான் நானா. ரசீதில் சிலிப்ஸ் என்று கிடக்கு ஐயா. அதுதான் மேலே இருந்தது, அமுக்கிட்டேன்.

கல்முனை நானா
பதறி இன்னொரு தரம் அனுப்பாதீங்க, புதன் இரண்டும் ஏறி நிற்கும். நிப்பாட்டேலுமா என்று ஹொட்லைனில் கேட்டுப் பாருங்க. மெசின்காரர் ஒரேயடியாக நின்றால், அவருடைய வங்கிக்கு உங்க பக்கம் கிளை இருக்கா என்று பார்த்து, வெளியே உள்ள காசு போடும் மெசினில் கொஞ்சத்தைப் போடுங்க, லீவிலும் ஏறும். ஆனா சிலிப்ஸ் காசு வந்ததும் அதைத் திருப்பித் தருவாரா என்று முதலே பேசிக்கொள்ளுங்க. ஏடிஎம்மில் எடுக்கிறதென்றால் இன்றைக்கே எடுங்க, நாளாந்த எல்லை இருக்கு, நாலு நாள் லீவில் காசு தீர்ந்தும் போகும்.

பட்டிப்பளை
வெசாக்குக்கு இரண்டு நாள். தீபாவளிக்கு ஒரு நாள், அதுவும் கடை கம்பனிகளுக்கான வர்த்தக விடுமுறை இல்லை. நான் நிற்கிற கடையில் அன்றைக்கும் வேலை.

கல்முனை நானா
நோன்புப் பெருநாளும் அப்படித்தானே, அரசுக்கும் வங்கிக்கும் மட்டும். முதலாளி நல்லவர் என்றால் லீவு, இல்லையென்றால் தொழுதிட்டு ஓடி வரணும்.

பட்டிப்பளை
உங்க ஊரில் முதலாளியும் பெருநாள் கொண்டாடுகிறார், கடையைப் பூட்டுவார். எங்கட கதை வேற.

கல்முனை நானா
கொழும்பில் நின்று பாருங்க, அப்புறம் பேசுங்க.

பழைய காசாளர்
இங்கே கேள்வி சிலிப்ஸ் பற்றியது. விடுமுறைச் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள். அதோடு, நாட்காட்டியில் பொது, வங்கி, வர்த்தகம் என்று மூன்று குறி போட்டிருக்கும், அதைப் பார்த்துப் பழகினால் பாதிக் கேள்வி இங்கே வராது. செக் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான், வெள்ளி நேரம் கடந்து போட்டால் அது புதன் போட்டதாகத்தான் எடுபடும்.

பட்டிப்பளை
வாவிக்கரையான் எங்கே? ஆளைக் காணவில்லை.

வாவிக்கரையான் | மே 14, புதன்
ஏறிட்டு. மெசின் சனிக்கிழமையே இறங்கிட்டு, ரசீதை அனுப்பினதும் நம்பிட்டார். நன்றி.

தேத்தண்ணி
அப்ப கணக்கு இலக்கம் சரியா?